தொலைந்த கதையைத் தேடிப் பிடிப்போம்

கணினி வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கூகுளைத் திறந்து, மனதில் இருந்ததை அப்படியே டைப் செய்து என்டரைத் தட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

தேடியது அம்மாவுக்காக. 1987-இல் வடமராட்சியை விட்டுக் கிளம்பியபோது வீட்டில் இருந்த புத்தகங்கள் எல்லாம் அங்கேயே போயின. அவற்றில் ஒரு கதையை மட்டும் அம்மா மறக்கவில்லை. "வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போற புருசன் பெண்சாதி கதை. அவளின்ரை பாதசரம் துலைஞ்சு போகும். சிவஞானசுந்தரம் எண்டு ஒரு டி.ஆர்.ஓ. எழுதினவர்" என்பார். தலைப்பு நினைவில்லை. சென்னைக் கடைகளில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

சென்னையில் வளர்ந்த நான் 'கொலுசு தொலைந்த கதை' என்று தேடினேன். முதல் தவறு அதுதான். கதை எழுதப்பட்ட ஊரில் என்ன சொல்லோ அதைத்தான் கொடுக்க வேண்டும். கணினிக்குக் கொலுசும் பாதசரமும் ஒன்று என்று தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை!

அடுத்து எழுத்தாளர் பெயரைக் கொடுத்தேன். இங்கேதான் வேடிக்கை. ஈழத்தில் அந்தப் பெயரில் மூன்று எழுத்தாளர்கள்! ஒருவர் 'சிரித்திரன்' இதழை நடத்திய கார்ட்டூனிஸ்ட். இன்னொருவர் 'நந்தி' என்ற பெயரில் எழுதிய டாக்டர். இருவருமே டி.ஆர்.ஓ. அல்ல. வேண்டாதவற்றை விலக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் மைனஸ் குறி போடுங்கள்:

சிவஞானசுந்தரம் எழுத்தாளர் -சிரித்திரன் -நந்தி

இப்போது மூன்றாமவர் வெளியே வந்தார். ஏழாலையில் பிறந்த சிவஞானசுந்தரம். புனைபெயர் இலங்கையர்கோன். 1961-இல் காலமானவர். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய தொகுப்பின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: 'வெள்ளிப் பாதசரம்'.

தலைப்பு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதைச் சேர்த்தும் (வெள்ளிப்பாதசரம்), பிரித்தும் (வெள்ளிப் பாதசரம்) தேடிப் பாருங்கள். நமக்கு ஒன்றுதான், தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியலாம். பிரித்து எழுதும்போது இருபுறமும் மேற்கோள் குறி போட்டால் அந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வரும் பக்கங்களே கிடைக்கும்.

அப்படித்தான் 'நூலகம்' என்ற இணைய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருவதற்காக 2005-இல் தொடங்கப்பட்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கதை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். தமிழ்நாட்டு நூல்களுக்கு மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றையும் பாருங்கள்.

புத்தகம் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். திறந்தவுடன் கண்ட்ரோல், எஃப் விசைகளை அழுத்திச் சொல்லைத் தேடி, 'இல்லை' என்று வந்தால் மனம் தளர வேண்டாம். ஸ்கேன் செய்த பக்கங்கள் பெரும்பாலும் வெறும் படங்கள். அதில் இருப்பது எழுத்து என்பதே கணினிக்குத் தெரியாது. (கூகுளில் கதையின் வரிகளைக் கொடுத்துத் தேடினாலும் அகப்படாததற்குக் காரணம் இதுவே.) பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டியதுதான். சேமிக்கும்போது ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கோப்பின் பெயராகக் கொடுங்கள். வெறும் எண்களோடு விட்டால் மறுபடி ஒருமுறை தொலைப்பீர்கள்.

அம்மாவுக்குப் பொடி எழுத்து தெரியாது. கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டி 200 சதவீதம் ஆக்கிக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்து முடித்தவர், "மற்றக் கதையளையும் திற, பாப்பம்" என்றார்.