மொட்டுகள் விட்ட பெருமூச்சு

பெண் பருவம் எய்தினால் மஞ்சள் நீராட்டுகிறோம். வரன் அமைந்தால் மணம் முடித்து வைக்கிறோம். இரண்டு வேளைகளிலும் உறவு கூடுகிறது, பந்தி நடக்கிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. ஆயினும் மேடையில் அமர்ந்திருப்பவளை ஒரு வார்த்தை கேட்பார் அரிது. அவ்வாறு கேட்கப்படாமற்போன வார்த்தைகளுக்கு இடமளித்தது எது என்று எண்ணிப் பார்த்தால், சிறுகதை என்னும் சிறிய இலக்கியமே நம் நினைவுக்கு வருகிறது.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நாம், இலக்கிய ஆராய்ச்சி செய்யப் புறப்படவில்லை. பிழைப்பை நாடி நாம் வந்து குடியேறிய இந்தப் புனே நகரம், பெண்ணின் மனம் கதையான வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயத்துக்குப் பிறந்தகமாகும். பெண் மக்களைப் பெற்ற நம் குடும்பங்கள் அதனை அறிய வேண்டும் என்பதே நமது ஆவல்.

முன்னாளில் பல சமூகங்களில் பெண்ணுக்குக் குமரிப் பருவம் என்று ஒன்று இருந்ததில்லை. பாவாடை கட்டத் தெரியாத வயதிலேயே மாலை விழுந்தது. சிறுமி நேரே மனைவியானாள். விதி வஞ்சித்தால் நேரே விதவையானாள். 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயது 14க்குக் குறையலாகாது என்றது. 1978இல் அது 18 ஆக உயர்ந்தது. சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து, விளையாட்டுப் பருவத்துக்கும் திருமணத்துக்கும் நடுவே சில ஆண்டுகளைத் திறந்துவிட்டன. அந்த ஆண்டுகளில்தான் பெண்ணொருத்தி, ‘நான் யார்? எனக்கு வேண்டியது என்ன?’ என்று தன்னையே வினவத் தலைப்பட்டாள். வினா பிறந்த பின்னரே கதை பிறந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாறு புனேயோடு பின்னிக் கிடப்பது. 1848இல் புதவார் பேட்டையிலிருந்த பிடே வாடாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி திறந்தனர். அவர்களுடைய பள்ளியிற் பயின்ற முக்தா என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுமி, 1855இல் தன் மக்கள் படும் துன்பத்தை ஒரு கட்டுரையாக எழுத, ‘ஞானோதயா’ என்ற மராத்திப் பத்திரிகை அதனை வெளியிட்டது. ஒரு சிறுமியின் சொந்தக் குரல் அச்சேறிய அந்நாளை நாம் மறத்தலாகாது.

பின்னர் வந்தவர் தோண்டோ கேசவ கர்வே. 1896இல் விதவைகளுக்காக இல்லம் தொடங்கினார். அது பின்பு நகருக்குப் புறத்தே ஹிங்கணேயில் நிலைபெற்றது. இன்று கர்வே நகர் என்று நாம் பேருந்துப் பலகையில் காணும் பகுதி அதுவே. 1916இல் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தையும் அவர் நிறுவினார். 1958இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது.

கர்வேயின் நிறுவனங்களிற் படித்து, ஆசிரியையாகவும் பணியாற்றியவர் பாலூதாய் கரே என்னும் நங்கை; 1905இல் பிறந்தவர். 1933இல் ‘கள்யாஞ்சே நிஸ்வாஸ்’ என்னும் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. மொட்டுகளின் பெருமூச்சு என்பது அத்தலைப்பின் பொருள். எழுதியவர் விபாவரி சிரூர்கர் என்று அட்டையில் கண்டிருந்தது. அப்படி ஒருவரை எவரும் அறியார்! படித்த பெண்ணின் ஏக்கம், வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்குபவளின் மணம் தள்ளிப்போகும் துயரம், அன்பை நாடும் மனம் ஆகியவற்றை அக்கதைகள் ஒளிவுமறைவின்றிப் பேசின. மராத்தி நாடு பரபரப்புற்றது. ‘இப்படியும் ஒரு பெண் எழுதுவாளா?’ என்று சினந்தோர் பலர். யார் இந்த விபாவரி என்று தேடியோரும் பலர். விபாவரி என்ற சொல்லுக்கு இரவு என்று பொருள். பாலூதாய் இரவைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டே உண்மையைச் சொன்னார். பிற்காலத்தில் மாலதி பேடேகர் என்ற பெயரால் அறியப்பட்டு, முதுமை கண்டு, 2001இல் மறைந்தார்.

ஆசிரியைத் தொழில் புரிந்த ஒரு பெண், தன்னைப் போன்றவர்களின் மனத்தை எழுதுவதற்குத் தன் பெயரை மறைக்க நேர்ந்தது. நம் தமிழிலோ மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு சுஜாதா என்று எழுதிய ஆண்மகன் பெரும்புகழ் எய்தினார். ஆண் பெண்பெயர் பூண்டால் சுவை. பெண் தன் பெயரில் எழுதினால் வம்பு! இவ்வேற்றுமையை வாசகர் சிந்திக்க வேண்டும்.

தமிழிலும் இந்தப் பருவத்தை எழுதியோர் உண்டு. இருவரை மட்டும் காட்டுவோம். நம் மாநிலத்தில், மும்பையில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் அம்பை, 1970களில் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்ற கதையை எழுதினார். தாய் ஊரில் இல்லாத வேளையில் சிறுமி பருவம் எய்துகிறாள். அஞ்சுகிறாள், அம்மா வந்தால் யாவும் விளங்கும் என்று காத்திருக்கிறாள். உறவுப் பெண்ணின் வரன் நிறத்தால் தட்டிப்போன கசப்போடு திரும்பிய தாயோ, இன்னொரு சுமை வந்து சேர்ந்ததாகவே பேசிவிடுகிறாள். கத்தியில்லை, இரத்தமில்லை, ஒரு சொல்லே கொலை செய்கிறது.

ஜெயகாந்தன் 1966இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழைநாளில் ஓர் ஆடவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் நீரை வார்த்து, நீ தூயவள் என்று தேற்றுகிறாள். வாசகர் உலகம் கொந்தளித்தது. பின்னர் அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், தாய் கூக்குரலிட்டு ஊரறியச் செய்துவிட்டால் அதே பெண் என்னாவாள் என்று காட்டினார். நேர்ந்தது ஒன்றே, வீட்டார் சொன்ன சொல் வேறானதால் வாழ்க்கையே வேறாயிற்று.

இக்கதைகள் நமக்குக் கூறுவது ஒன்றுண்டு. பெண் பெரியவளாவது சடங்கு நடக்கும் நாளில் அன்று. தன் மனத்தைச் சொல்ல அவள் வாய் திறக்கும்போது வீடு என்ன விடை தருகிறதோ, அதில்தான் அவள் பெரியவளாகிறாள், அல்லது ஒடுங்கிப்போகிறாள்.

புனேவாழ் தமிழ்ப் பெண்ணுக்கோ வினா இரட்டிப்பாகிறது. பள்ளியில் மராத்தி, வீட்டில் தமிழ், தேர்வில் ஆங்கிலம். தோழியர் நடுவே மதராசி. கோடை விடுமுறைக்குப் பாட்டி வீடு சென்றால் ‘பம்பாய்க்காரி’. மஞ்சள் நீராட்டு அழைப்பிதழைத் தன் வகுப்பு மாணவரும் காண நேருமோ என்று கூசுகிறவள் உண்டு. அவ்விழாவை ஆசையோடு எதிர்நோக்குகிறவளும் உண்டு. இவள் எவ்வகை என்பதை மண்டபம் பேசுமுன் அவளிடமே கேட்டறிவது பெற்றோர் கடமையன்றோ?

சம்பாதிக்கும் மகளின் நிலையையும் எண்ணுக. தம்பியின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் அவள் சம்பளத்தில் நடக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவள் மணப்பேச்சு எழும்போது, ‘அடுத்த தையில் பார்ப்போம்’ என்ற சொல் எழுகிறது. தை பல வந்து போகின்றன. 1933இன் பெருமூச்சு இன்னும் ஓயவில்லை.

ஆகவே அன்பர்களே! மேற்சொன்ன கதைகளை, வயதுக்கு ஏற்றவற்றைத் தேர்ந்து, பெண்களுக்குப் படிக்கக் கொடுங்கள். அதற்குமுன் நீங்கள் படியுங்கள். தந்தையர் கட்டாயம் படிக்க வேண்டும். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்குத் தாய் உரக்கப் படித்துக் காட்டட்டும். மராத்தி அறிந்த மகள் விபாவரியின் கதையைத் தாய்க்குத் தமிழில் சொல்லட்டும். அவளுக்கென ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். அதை அவள் அனுமதியின்றித் திறவாதீர்கள். அவளாக ஒருநாள் எதையேனும் படித்துக் காட்ட முன்வந்தால், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இறுதிவரை கேளுங்கள்.

அவ்வாறு கேட்கும் வீட்டில் வளர்ந்தவள் எழுத வந்தால், தன் பெயரை மறைக்க வேண்டிய அவசியம் நேராது.