கல்லுடைத்தவரின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

பெயர் சுமக்கும் கட்டடங்கள் – 9

டொரோண்டோவில் மோர்னிங்சைட் அவென்யூ வழியே ஓடும் 116ஆம் இலக்க பஸ்ஸில் விடியற்காலையில் இரண்டு வகையான முகங்களைப் பார்க்கலாம். இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்களின் முகம் ஒன்று. காலை வேலைக்குப் போகிறவர்களின் முகம் மற்றொன்று. கொஞ்ச நேரம் போனால் அதே இருக்கைகளில் பிள்ளைகள் புத்தகப் பையோடு இருப்பார்கள். அவர்களில் சிலர் போவது, மிலிட்டரி ட்ரெயில் சாலையில் இருக்கும் புனித இரண்டாம் ஜோன் போல் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கு.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரை ‘இரண்டாம் அருளப்பர் சின்னப்பர்’ என்றுதான் சொல்வார்கள். 1978 முதல் 2005 வரை பாப்பரசர். 2014 ஏப்ரல் 27 அன்று புனிதர் பட்டம் பெற்றார். பள்ளியின் பெயரிலும் ‘பாப்பரசர்’ இருந்த இடத்துக்குப் ‘புனித’ வந்தது. இந்த இரண்டு பட்டங்களுக்கும் முன்னால் அவருக்கு இன்னொன்று இருந்தது. அவர் கூலித் தொழிலாளி.

போலந்தை நாஜிகள் பிடித்துவைத்திருந்த காலம் அது. பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். வேலை அட்டை இல்லாத இளைஞனை ஜெர்மனிக்கு இழுத்துப் போகும் ஆபத்து இருந்தது. 1940இல் கரோல் வொய்த்திவா என்ற அந்த மாணவர் க்ராக்கோவ் அருகே சுண்ணாம்புக் கல் குவாரியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சொல்வே இரசாயனத் தொழிற்சாலைக்குப் போனார். 1941 பெப்ரவரியில் தகப்பனும் இறந்துபோக, இருபது வயதில் தனியாளானார். இரவு வேலையும் பார்த்தார், இரகசியமாகக் குருத்துவப் படிப்பும் படித்தார்.

நாற்பது ஆண்டு கழித்து அந்தக் கைகள் எழுதியதுதான் ‘லபோரெம் எக்சேர்சென்ஸ்’ என்ற சுற்றுமடல். முழுக்க மனித உழைப்பைப் பற்றியது. தொழிலாளர் உரிமை குறித்துப் பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட மடலின் தொண்ணூறாம் ஆண்டு நிறைவுக்கு, 1981 மே 15 அன்று அது வெளிவருவதாக இருந்தது. இரண்டு நாள் முன்னதாக அவர் சுடப்பட்டார். உயிர் தப்பி எழுந்து செப்டெம்பர் 14 அன்று வெளியிட்டார்.

வேலைக்காக மனிதன் படைக்கப்படவில்லை, மனிதனுக்காகவே வேலை இருக்கிறது என்பது அதன் அடிப்படை. எந்த வேலை என்பதை வைத்து அதன் மதிப்பை அளக்காதே, செய்கிறவன் மனிதன் என்பதாலேயே அதற்கு மதிப்பு வந்துவிடுகிறது என்கிறது. புலம்பெயர்ந்த தொழிலாளருக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. வேறு நாட்டிலிருந்து வந்தவன் என்பதற்காக ஒருவனுக்கு உரிமை குறையக் கூடாது, அவனுடைய நெருக்கடியைச் சாதகமாக்கிச் சுரண்டக் கூடாது என்று அது சொல்கிறது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அண்ணை நினைவுக்கு வருவார். ஊரில் வாத்தியார். இங்கே வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஒரு பனிக்காலத்து இரவில் சொன்னார்: “கோப்பை கழுவுறது எனக்குப் பிரச்சினையில்லை தம்பி. இவ்வளவு நாளாகியும் என்ரை பேர் என்னெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அதுதான் நோகுது.” சுற்றுமடல் சொல்லும் மனித மாண்பை அதைவிட எளிமையாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

வேலை செய்ய முடியாமல் போனவருக்கும் அந்த மாண்பு குறைவதில்லை. 1980இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் மாற்றுத்திறனாளிகளிடம் பேசியபோது அதை எல்லையற்ற மாண்பு என்றார் அவர். 2024இல் மனித மாண்பு பற்றி வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் தன் தலைப்பையே அந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது. அவர் இறந்த ஏப்ரல் 2ஆம் திகதிதான் ஆவணத்தின் திகதியும். அந்த மாண்பை அவர் தன் உடலாலும் காட்டினார். 2002 ஜூலையில் உலக இளையோர் தினத்துக்காக டொரோண்டோ வந்தபோது அவருக்கு 82 வயது. பார்கின்சன் நோய் முற்றியிருந்தது. அப்படியிருந்தும் விமானப் படிகளில் ஒவ்வொன்றாகத் தானே இறங்கினார். நடுங்கும் கையையும் குழறும் பேச்சையும் அவர் ஒளித்துவைக்கவில்லை.

நம்மவர்களுக்கும் அவர் ஒன்று சொல்லியிருக்கிறார். 2003 நவம்பர் 17 அன்று தமிழ்நாட்டு ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று கண்டித்தார். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துச் சுவர் வைத்த சமூகம் நாம். கனடாவில் நிறவெறியை எதிர்த்துப் பேசிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் ஊரையும் பகுதியையும் விசாரிக்கிற வாய் அந்தக் கண்டனத்துக்கு வெளியே இல்லை.

அவருடைய காலத்தின் கறையையும் சொல்லத்தான் வேண்டும். பாலியல் முறைகேடு குறித்து எச்சரிக்கைகள் வந்திருந்தும் மக்காரிக் என்பவரை 2000இல் வாஷிங்டன் பேராயராக நியமித்தவர் அவரே. வத்திக்கானே 2020இல் வெளியிட்ட அறிக்கை அதை ஒப்புக்கொள்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் குரலுக்கு அங்கே உரிய காது கிடைக்கவில்லை. எல்லோருக்கும் மாண்பு உண்டென்று போதித்த திருச்சபை அவர்களுடைய மாண்பைக் காக்கத் தவறியது. புனிதர் பட்டம் அந்தக் காயத்தை மூடிவிடாது. அவர் கற்பித்ததைக் கொண்டே அவருடைய ஆட்சியையும் அளக்க வேண்டும்.

மிலிட்டரி ட்ரெயிலில் இருக்கும் அந்தப் பெயர்ப் பலகையை நான் பார்ப்பதும் அப்படித்தான். அந்தப் பெயருக்குரியவர் ஒரு காலத்தில் வேலை அட்டை வைத்திருந்த ஒரு தொழிலாளி. அந்தப் பலகையைத் தினமும் கடந்து பள்ளிக்குள் போகும் பிள்ளைகளே, இரவு வேலை முடிந்து வரும் உங்கள் அம்மாவோடு வேலை செய்கிறவர்களின் பெயர்களைக் கேட்டு வையுங்கள். உங்கள் பள்ளியைக் கூட்டித் துடைக்கிறவரின் பெயரையும் கேளுங்கள். நாளை காலை அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லுங்கள்.

(தொடரும்)