நெமிசிஸ் அவென்யூ எங்கே போனது?

கலைந்த மேடைகள் – 7

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்போது ஒரு கேசட் கடை இருந்தது. தக்காளிக் கூடைகளை லாரியில் ஏற்றிவிட்டு வருகிறவர்கள், நோட்டுத் தாளில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் வந்து பதிந்த கேசட்டை வாங்கிக்கொள்வார்கள். 1994 தீபாவளியை ஒட்டி அந்தத் தாள்களில் தவறாமல் இருந்த பாட்டு, ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’. தேனி குஞ்சரம்மாளையும் சாகுல் ஹமீதையும் குரலிலேயே தெரிந்தது. மூன்றாவது குரல் யாருடையது என்று கேட்டோம். கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, “சுரேஷ் பீட்டர்ஸ்னு போட்டிருக்குப்பா” என்றார். முந்தின வருஷம் ‘சிக்கு புக்கு ரயிலே’ பாடியதும் அவர்தான் என்பது அப்புறம்தான் பிடிபட்டது.

அந்தக் குரலுக்கு ஒரு முற்பிறவி இருந்தது. 1980களின் சென்னையில் நண்பர்கள் சிலர் ‘ரூட்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸில் சிவமணி, கிட்டாரில் ஜான் அந்தோணி. அவர்களோடு சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. கீபோர்டில் இருந்தவர் திலீப். அந்தத் திலீப் பிறகு ‘நெமிசிஸ் அவென்யூ’ என்று ஒரு ராக் குழுவையும் தொடங்கினார். திலீப்தான் ஏ.ஆர்.ரஹ்மான்.

சென்ற வாரம் பாவலர் பிரதர்ஸைப் பார்த்தோம். பாவலர் வரதராஜன் 1973இல் மறைந்தார். மூன்றே ஆண்டில் ‘அன்னக்கிளி’ வந்தது; பண்ணைப்புரத்துத் தம்பிகளை அதன் பிறகு கட்சி மேடையில் தேட வேண்டியிருக்கவில்லை. ஆர்மோனியம் வைத்துப் பாடிய குழுவுக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்து வாசித்த குழுவுக்கும் நம்மிடம் போய்ச்சேரும் இடம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. மேல்நாட்டுக் குழுக்கள் கலைந்த கதையைப் படித்தால் சண்டை, வழக்கு, போதை என்று ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். நம் ஊரில் யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. ரெக்கார்டிங் தியேட்டரிலிருந்து கால்ஷீட் வந்தால் போதும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. திலீப்பின் வீட்டு நிலைமை அப்படி. அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர்; 1976இல் மகனுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துபோனார். அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பெட்டி வெளியே போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலையில் வளர்ந்த பையன், எம்.எஸ்.வி., இளையராஜா, ராஜ்–கோட்டி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. பகலெல்லாம் பிறர் எழுதிக்கொடுத்ததை வாசித்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் தனக்குப் பிடித்ததை நண்பர்களோடு வாசிக்கும் வாழ்க்கையை எத்தனை நாளைக்கு இழுக்க முடியும்?

மேடை கொடுத்த பதில் என்ன என்பதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். மாரியம்மன் பண்டிகைக்கு லைட் மியூசிக் வைப்பார்கள். கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டுகள் கை மாறி மாறி மேடைக்குப் போகும். ஒரு வருஷம், கீபோர்டு வாசித்த பையன் தானே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றை ஆரம்பித்தான். முதல் சரணம் முடியுமுன்பே ஏழெட்டுச் சீட்டு வந்துவிட்டது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் ஒன்றை எட்டிப் பார்த்தேன். ‘சினிமா பாட்டு போடவும்’ என்று பென்சிலில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது. பையன் பாட்டை நிறுத்தவில்லை. அவசர அவசரமாகப் பாடி முடித்தான். அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மாரண்டஹள்ளியில் ஒரு சீட்டு செய்ததைச் சென்னையில் சந்தை செய்தது, அவ்வளவுதான்.

ரஹ்மான் விளம்பரப் படங்களுக்குப் போனார். அரவிந்த்சாமி நடித்த லியோ காபி விளம்பரத்தின் இசை இன்றும் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1991இல் மால்குடி சுபாவின் குரலில் ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கில ஆல்பத்தையும் செய்தார், மேக்னாசவுண்ட் வெளியிட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தது. சினிமா இல்லாத பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் ஒரே ஆளுக்குக் கிடைத்த வரவேற்பு இது. இதைவிடத் தெளிவாக யாரும் அந்தக் காலத்தை விளக்கிவிட முடியாது.

மற்றவர்கள்? சிவமணி 1990இல் மும்பையில் ஜாகிர் உசேன், திரிலோக் குர்த்துவோடு வாசித்தார். பிறகு உலகம் சுற்றினார். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போன சிறுவர்களுக்கும் அவர் டிரம்ஸ் பரிச்சயம். சுரேஷ் பீட்டர்ஸ் ‘கூலி’, ‘பஞ்சாபி ஹவுஸ்’ படங்களுக்கு இசையமைத்தார். ஜான் அந்தோணி மட்டும் குழு என்ற வடிவத்தை விடவில்லை. கேரளத்தில் ‘கர்நாட்ரிக்ஸ்’ என்று ஒன்றை நடத்தினார். ஆளுக்கொரு திசையில் போய் எல்லோரும் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் இருபது வயதில், யாரும் சூழ்நிலை சொல்லாமல், கதாநாயகன் வாயசைப்பான் என்று நினைக்காமல் அவர்கள் வாசித்தது எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேசட் எங்கள் ஊர்க் கடைக்கு வரவே இல்லை. எனக்கு அது இழப்புதான்.

காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ‘குரங்கன்’ குழுவில் கபேர் வாசுகியும் டென்மாவும் சினிமாவைக் கேட்காமலே தமிழில் பாடினார்கள். அது கலைந்த பிறகு, அதே டென்மா பா.ரஞ்சித்தோடு சேர்ந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவைத் திரட்டினார். கானாவும் பறையும் கிட்டாரும் ஒன்றாக, பத்தொன்பது பேர், சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறினார்கள். தேதி 2018 ஜனவரி 6. ரஹ்மானின் பிறந்தநாளும் அதுவே. அந்தக் கூட்டம் கேட்டது முழுக்க முழுக்க அவர்களுடைய சொந்தப் பாட்டைத்தான். அந்தக் கதை அடுத்த வாரம்.

‘ரோஜா’வுக்குப் பின் வந்த ஆண்டுகளில் ரஹ்மான் கேசட்டுகளின் உள்தாளில் ஒரு பழக்கம் வந்தது. வாசித்தவர்களின் பெயர்களையும் அச்சிட்டார்கள். அதுவரை எங்களுக்கு இசை என்றால் ஒரே ஒரு பெயர். மடித்து மடித்து வைத்திருந்த அந்தத் தாளைப் பிரித்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் டிரம்ஸ் யார், பேஸ் கிட்டார் யார், புல்லாங்குழல் யார் என்று இருக்கும். நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம். கேசட் கடை போய் இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை. அந்தத் தாள்களில் நாலைந்து என்னிடம் இருக்கின்றன. மடிப்பு விழுந்த இடத்தில் இருந்த பெயர்கள்தான் முதலில் அழிந்துவிட்டன.

(தொடரும்)