எலித் தொல்லையா? மருந்து வைக்கும் முன் இதைப் படியுங்கள்!

செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்து நள்ளிரவில் கண்ணை மூடினால், தலைக்கு மேல் ஷீட்டில் கடகடவென ஓட்டம். காலையில் எழுந்து பார்த்தால் அரிசி மூட்டையில் ஓட்டை. வண்டியை எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, ஒயரைக் கடித்து வைத்திருக்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி பக்கம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வந்து மூலைக்கு மூலை வைத்துவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

குன்றத்தூர் சொல்லும் பாடம்

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எலித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் தனியார் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழைத்தது. அவர்கள் வீட்டுக்குள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தினர் அனைவருக்கும் காலையில் வாந்தி, மூச்சுத்திணறல். 6 வயதுச் சிறுமியும் 1 வயதுக் குழந்தையும் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். யாரும் மருந்தைத் தின்னவில்லை. அதன் நெடியைச் சுவாசித்ததே காரணம் என்று கூறப்பட்டது.

ஜன்னலைத் திறக்க வழியில்லாத ஒற்றை அறையில் நாலு பேர் படுத்துத் தூங்கும் லைன் வீடுகளில் மருந்து வைக்கும் முன், இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் வருகின்றன?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் கேழ்வரகு அறுவடை முடிந்ததும் வயல் எலிகளுக்குத் தீனி குறைகிறது. பக்கத்திலேயே வீடுகள், மெஸ்கள், குப்பை மேடுகள். குளிரும் சேர்ந்துகொள்ள, அவை நம் வீட்டைத் தேடி வருகின்றன. பெண் எலி சுமார் 3 வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றில் 6 முதல் 8 வரை. அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்துக்குள் குட்டி போடத் தயாராகிவிடும். வழியை அடைக்காமல் மருந்து மட்டும் வைத்தால், செத்த எலியின் இடத்துக்கு வேறு எலி வரும்.

முதலில் ஓட்டையை அடையுங்கள்

சுண்டெலி நுழைய ஒரு பென்சில் பருமன் இடைவெளி போதும். பெரிய எலிக்குக் கட்டைவிரல் அளவு. குழாய் சுவருக்குள் போகும் இடம், கதவின் அடி, ஷீட்டும் சுவரும் சேரும் இடம், சாக்கடைத் துளை ஆகிய நான்கையும் பாருங்கள். துணியோ தெர்மாகோலோ வைத்தால் கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். சாக்கடைத் துளைக்குக் கம்பி வலை போடுங்கள்.

அரிசி, ராகியை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். எச்சில் பாத்திரத்தை இரவில் அப்படியே விடாதீர்கள். வரிசையாக எட்டு வீடு இருந்தால் ஒரு வீடு மட்டும் அடைத்துப் பயனில்லை. எல்லோரும் சேர்ந்து வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள்.

பொறி வைக்கும் முறை

எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் சந்தேகம். முதல் இரண்டு, மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் உள்ளே கருவாடோ சுட்ட தேங்காய்ச் சில்லோ வையுங்கள். தின்று பழகிய பிறகு பூட்டுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும். பொறியின் இடமும் அதுதான்.

எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. ப்ளீச்சிங் கரைசல் தெளித்து, கையுறை போட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், வீட்டில் எலி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்துதான் வழி என்றால்...

தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. காற்றின் ஈரம் பட்டாலே விஷ வாயு கிளம்பும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. அதைத் தின்ற குழந்தை முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, பிறகு ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும். அதற்குள் கல்லீரல் கெட்டுவிடும். எனவே, 'சரியாகிவிட்டதே' என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். மருந்து உறையைக் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

வெளியாட்களை அழைத்தால் வேளாண்துறை உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஒரு டப்பா எலி மருந்துக்கு முன்னால், ஒரு பிடி சிமென்ட் வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் பாதுகாப்பு.