குளிர்காலக் காற்றில் ஏறும் புற்றுநோய் நஞ்சு

டெல்லியில் ஜூலை மாதமும் வண்டிகள் ஓடுகின்றன, ஆலைகள் புகைகின்றன. ஆனாலும் நவம்பரில்தான் நகரம் மூச்சுத் திணறுகிறது. புகை கூடுவதோடு, அது போக வழியில்லாமலும் ஆகிவிடுவதே காரணம். கோடையில் தரை சூடேறி, காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை கலக்கும். குளிர்கால இரவிலோ கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் நிற்க, பானைக்கு மூடி போட்டதுபோல் புகை தரையை ஒட்டியே தங்கிவிடும்.

அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்தாள் எரியும் புகை டெல்லிக்கும் வருகிறது. அது ஓய்ந்த பின்னும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் டெல்லியில் தீ அணைவதில்லை. காவலாளிகளும் தெருவோரம் படுப்பவர்களும் குளிர்காய விறகு, அட்டை, பிளாஸ்டிக் என்று கிடைத்ததைக் கொளுத்துகிறார்கள்.

இப்படி அரைகுறையாக எரியும்போது பிறப்பதுதான் பென்சோபைரீன். சிகரெட் புகையிலும் இருப்பது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த முதல் பிரிவில் இதுவும் உண்டு. 2012இல் டீசல் புகையும் 2013இல் வெளிக்காற்று மாசும் அதே பிரிவில் சேர்ந்தன. வெயில் மங்கிய மாதங்களில் பென்சோபைரீன் சீக்கிரம் சிதைவதில்லை. நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் ஆழம்வரை போகிறது.

கைப்பேசியில் தினமும் நாம் பார்க்கும் காற்றுத் தரக் குறியீட்டில் இது தெரியாது. அந்தக் குறியீடு கணக்கில் எடுக்கும் எட்டு மாசுகளில் பென்சோபைரீன் இல்லை. 2009 தேசியத் தரநிலையில் பென்சோபைரீனுக்குக் கனமீட்டருக்கு 1 நானோகிராம் என்ற வரம்பு இருக்கிறது. அது ஆண்டுச் சராசரி. புற்றுநோய் ஆபத்து பல ஆண்டுகளில் சேருவது என்பதால் ஆண்டு வரம்பு தேவைதான். ஆனால் அந்தச் சுமை எந்த மாதங்களில் ஏறுகிறது என்பது சராசரியில் காணாமல் போகிறது. மழை கழுவிய ஆகஸ்டும் புகை மூடிய ஜனவரியும் அதில் ஒன்றாகிவிடுகின்றன.

போலந்தின் கிராகூவ் நகரத்திலும் குளிர்காலம்தான் எமனாக இருந்தது; அங்கே காரணம் வீட்டு நிலக்கரி அடுப்பு. அடுப்பை மாற்ற மானியம் கொடுத்துவிட்டு, 2019 செப்டம்பர் 1 முதல் நிலக்கரி, விறகு இரண்டையும் எரிக்கத் தடை விதித்தார்கள். காற்று தெளிவாகவே மேம்பட்டது.

மானியம் முதலில், தடை பிறகு என்ற அந்த வரிசை டெல்லிக்கும் பொருந்தும். இரவுக் காவலாளிக்கு மின் ஹீட்டரும் வீடற்றவருக்குக் கூரையும் கொடுக்காமல் தீயை மட்டும் தடைசெய்வது அநியாயம். அதோடு, பென்சோபைரீன் அளவை மாதவாரியாக மக்களுக்கு வெளியிடும் வேலையை இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும்.