அடிக்கு முன்னால் ஓர் அட்வான்ஸ்

செங்கல் சூளையிலோ மரம் வெட்டும் தோப்பிலோ இருளர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் அடிபட்டார் என்று செய்தி வருவதற்கு வெகுமுன்பே அந்தக் கதை தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, கையில் காசில்லை. முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வேலைக்குப் போகிறார்கள். கணக்கு நோட்டு அவரிடம்தான். எத்தனை கல் அறுத்தாலும் கடன் கழிவதில்லை. ஊருக்கு ஒருநடை போய்வருகிறோம் என்று கேட்கும் நாளில் அடி விழுகிறது.

ஏன் அவரிடமே போய் நின்றார்கள்? பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் இருளர்களில் பலர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் போயிற்று. 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுக்கும் வேலை தந்தது; அதுவும் ஒரு சிலருக்குத்தான். மற்றவர்கள் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டுக் கூலிக்குப் போனார்கள். பட்டா இல்லை. எஸ்.டி. சான்று கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகம் போனால் அப்பாவின் சான்றைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்? காகிதம் இல்லாதவருக்கு வங்கி கடன் தராது, சூளைக்காரர் தருவார்.

‘வாங்கின காசைக் கழிக்காம எப்படிப் போறது?’ என்ற கூச்சம் பலரை அங்கேயே நிறுத்திவைக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் சொல்லலாம்.

அடித்திருந்தால், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை. அதன் நகல் இலவசம். சாதிச் சான்று கையில் இல்லை என்று சொல்லிப் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது. டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. வன்கொடுமைப் புகார்களுக்கென உள்ள உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

அடித்தவர் அதிகாரியாகவே இருந்தால்? 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011-இல் 215 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. தீர்ப்பு சரி. அதற்காக 31 ஆண்டுகள் படியேறியிருக்கிறார்கள்.

சூளையிலிருந்து மீட்கப்படுவோர் விடுதலைச் சான்று வாங்காமல் ஊர் திரும்பக் கூடாது. உடனடி நிவாரணமும் மறுவாழ்வுத் தொகையும் அதை வைத்துத்தான் கிடைக்கும். அந்தச் சான்றைத் தருபவரும் பெரும்பாலும் கோட்டாட்சியர்தான். அதே மேசையில் எஸ்.டி. சான்றுக்கான மனுவையும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.