குவிந்த ஆர்டர்... குப்புற விழுந்த கம்பெனி!

ஏரோப்ளேன் என்றால் டிக்கெட் வாங்கி ஏறுவது என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அமெரிக்காவில் அதைப் பார்சலில் வாங்குகிறார்கள், ஸார்! வீட்டு வாசலில் மரப்பெட்டி வந்து இறங்கும். உள்ளே அலுமினியத் தகடுகள், ஆயிரக்கணக்கில் ரிவெட்டுகள், எதை எதோடு சேர்ப்பது என்று சொல்லும் வரைபடங்கள். கார் ஷெட்டில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் விட்டு வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினால் சில வருஷங்களில் சொந்த விமானம்! (மனைவி அதுவரை பொறுத்துக்கொண்டால்.)

வேலையில் பாதிக்கு மேல் நீங்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்போதுதான் 'வீட்டில் கட்டியது' என்ற கணக்கில் பறக்க அனுமதி கிடைக்கும்.

இந்தப் பார்சல் வியாபாரத்தில் முதல் இடம் வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனிக்கு. ஒரிகன் மாநிலத்தில் அரோரா என்ற சின்ன ஊரில் இருக்கிறது. ஆரம்பித்தவர் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் என்ற இன்ஜினீயர். முழுப் பெயரைச் சொல்ல அவர்களுக்கே வாய் வலிக்கும் போலிருக்கிறது, எல்லோருக்கும் அவர் 'வான்'தான். 1971-ல் ஒற்றை ஆள் உட்காரும் ஆர்.வி.-3 விமானத்தைத் தனக்காகச் செய்து பறந்தார். பார்த்தவர்கள் எனக்கும் உனக்கும் என்று கேட்க, 1973-ல் அதுவே தொழிலாகிவிட்டது. ஆர்.வி. என்பது அவருடைய இனிஷியல்தான். இன்றைக்கு 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி. விமானங்கள் கட்டி முடித்துப் பறந்திருக்கின்றன.

இப்படிப்பட்ட கம்பெனி 2023-ல் படுத்துவிட்டது. ஏன் தெரியுமா? வியாபாரம் இல்லாமல் இல்லை. வியாபாரம் அமோகமாக இருந்ததால்!

கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு, 'சும்மா இருக்கிற நேரத்தில் ப்ளேன் கட்டினால் என்ன?' என்று தோன்றிவிட்டது. ஆர்டர் குவிந்தது. தகட்டில் ரிவெட்டுக்கான துளை போடும் பஞ்ச் மெஷின்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. தீபாவளி நெருக்கத்தில் நம் டெய்லர் என்ன செய்வார்? காஜா போட வெளியே கொடுப்பார். இவர்களும் துளை போடுகிற வேலையை வெளியே கொடுத்தார்கள். அங்கே பஞ்ச்சுக்குப் பதில் லேசர். வேலை மளமளவென்று முடிந்தது.

வினை வந்தது அந்தத் துளையில்தான். ரிவெட்டின் தலை தகட்டோடு தகடாகச் சமமாக உட்கார, துளையைச் சுற்றிக் குழிவாக அழுத்த வேண்டும். இதற்கு 'டிம்பிள்' என்று பெயர். ஆமாம், நடிகைகளின் கன்னத்தில் விழுமே, அதே டிம்பிள்! பஞ்ச் போட்ட துளையில் அழகாக விழுந்த டிம்பிள், லேசர் துளையில் அழுத்தும்போது சில இடங்களில் ஓரத்தில் முடிபோல விரிசல் விட்டது.

கார் கதவில் விரிசல் என்றால் பெயிண்ட் அடித்து ஓட்டலாம். இது ஐயாயிரம் அடி உயரத்தில் ஆளைத் தாங்கும் இறக்கை. பெட்டி வாங்கியிருந்த 1,800-க்கும் மேற்பட்டவர்கள் நடுங்கிப்போனார்கள். கம்பெனி சோதனை மேல் சோதனை நடத்தி, 'பெரும்பாலான பாகங்களால் ஆபத்தில்லை' என்றது. சரி, ஆனால் உங்கள் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிற இறக்கையில் விரிசல் இருந்தால் சோதனை அறிக்கையைப் படித்துவிட்டுத் தூங்குவீர்களா? மாற்றிக் கொடு என்றார்கள். மாற்றித் தருவதென்றால் அதே பாகத்தை இரண்டாம் தடவை செய்ய வேண்டும், ஓசியில்.

போதாக்குறைக்கு, பாதி கட்டி வரும் 'குயிக் பில்ட்' பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வந்ததில், உள்ளே அடித்த ப்ரைமர் சரியில்லாமல் அலுமினியம் அரிக்க ஆரம்பித்தது. கப்பல் கூலியும் எகிறியது.

இங்கேதான் ஒரு பி.காம். ஆசாமியாக நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் இன்றைக்கு அட்வான்ஸ் வாங்கி, மாதக்கணக்கில் கழித்துச் சரக்கு அனுப்புவார்கள். விலை இன்றைய விலை, செலவு நாளைய செலவு. அட்வான்ஸ் பணம் பாங்க்கில் விழும்போது பார்க்க லாபம் மாதிரி பளபளக்கும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதன் இடம் கடன் பக்கம்! சரக்கு போய்ச் சேரும்வரை அது வாடிக்கையாளரின் பணம். ஆர்டர் வெள்ளத்தில் அந்தப் பணம் அன்றாடச் செலவுக்கு ஓடிவிட்டது. கடைசியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், பெட்டிகளை அடக்க விலைக்கும் கீழே விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் கைநஷ்டம்!

2023 அக்டோபரில் விஷயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். சொன்னது யார் என்றால், அன்றாட நிர்வாகத்திலிருந்து எப்போதோ ஒதுங்கி, எண்பதைத் தாண்டிவிட்ட அந்த வான். பேரனோடு விளையாட வேண்டிய வயதில் திரும்பி வந்து, சொந்தப் பணத்தைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தார். டிசம்பர் 4-ம் தேதி திவால் கோர்ட்டுக்குப் போனார்கள்.

நம் ஊர் பாஷையில் மஞ்சள் கடுதாசிதான். ஆனால் அமெரிக்காவின் 'சாப்டர் 11' கொஞ்சம் வேறு. கடையை இழுத்து மூட வேண்டாம். கடன்காரர்களைக் கோர்ட் தள்ளி நிற்கவைக்கும், அதற்குள் திட்டம் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்தத் திட்டத்தில்தான் வாடிக்கையாளர் தலையில் குண்டு. ஏற்கெனவே புக் செய்த பெட்டிக்குச் சராசரியாக 32 சதவிகிதம் கூடுதலாகக் கொடு! ஒப்புக்கொண்டால் அட்வான்ஸ் கழியும், சரக்கு வரும். முடியாதென்றால் கடன்காரர்கள் வரிசையில் போய் நில். அன்றைய சட்டப்படி இப்படிப்பட்ட அட்வான்ஸில் 3,350 டாலர் வரைக்கும்தான் முன்னுரிமை, மீதி அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நினைத்துப் பாருங்கள். ஷெட்டில் வால் பகுதி ரெடி, ஒரு இறக்கை ரெடி. உடல் பகுதி வராவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துணியா காயப்போடுவது?

இது அநியாயம்தான். பேசிய விலையை மாற்றுவது எந்த ஊரிலும் நாணயம் ஆகாது. ஆனாலும் நான் அந்தக் க்யூவில் இருந்திருந்தால், திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பேன். கம்பெனி மூடிவிட்டால் 32 சதவிகிதம் மிச்சம், நூறு சதவிகிதம் நஷ்டம். பலரும் அப்படித்தான் போட்டார்கள். 2024 மே மாதம் கோர்ட் திட்டத்துக்கு ஒப்புதல் தர, கம்பெனி எழுந்து நின்றது.

இனி? நம்பிக்கையெல்லாம் ஆர்.வி.-15 மேல். 2022-ல் ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்கு மாதிரி விமானம் பறந்து வந்து எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. திவால் நேரத்திலும் அதை மூட்டை கட்டவில்லை. கட்டிக் கொள்ள நேரமில்லாதவர்களுக்காக இரண்டு பேர் போகும் ஆர்.வி.-12 விமானத்தை முழுசாகவே செய்து தருகிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க அரசு இலகு ரக விமானங்களுக்கான விதிகளைத் தளர்த்தியதால் அந்தப் பக்கம் வழி இன்னும் அகலமாகியிருக்கிறது.

வானுடைய பழைய விமானங்களுக்கெல்லாம் இறக்கை கீழே. ஆர்.வி.-15-க்கு இறக்கை மேலே. புல்வெளி, ஆற்றங்கரை என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கி, அந்த இறக்கை நிழலில் கூடாரம் அடித்துப் படுத்துக்கொள்ளலாமாம். படுக்கிற சாக்கில் மேலே ரிவெட் துளைகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்!